கூப்பிட்டதற்கு நன்றி

பூந்தமல்லியில் எங்கள் கடைப் பலகையில் ‘ஜோயா ஃபேன்சி ஸ்டோர்’ என்று மட்டும்தான் எழுதியிருக்கும். வளையல், பொட்டு, கிளிப், மெஹந்தி கோன். அதற்கு மேல் அந்தப் பலகை ஒரு வார்த்தை பேசாது, பேசவும் கூடாது. எங்கள் வீட்டில் உலை கொதிப்பது வளையலால் அல்ல. உள்ளறை பீரோவில் வெல்வெட் பெட்டிகளில் அடுக்கி வைத்திருக்கிற கல்யாண செட்டுகளால்தான். ஆரம், நெக்லஸ், ஒட்டியாணம், வங்கி, நெற்றிச்சுட்டி, ஜடைபில்லை, எல்லாமே முலாம் பூசிய கவரிங். கிட்டே வைத்துப் பார்த்தால் அடகுக் கடைக்காரர்கூட ஒரு நிமிடம் யோசிப்பார். கல்யாணத்துக்கு வாடகைக்கு எடுத்துப் போவார்கள், முடிந்ததும் துடைத்துத் திருப்பிக் கொடுப்பார்கள்.

பெண்ணின் கழுத்தில் கிடப்பது வாடகை நகை என்று எந்தத் தாயும் சபையில் சொல்ல மாட்டாள். அதனால் எங்கள் தொழிலுக்கு நகையைவிட வாய் முக்கியம், அதாவது மூடி வைத்திருக்கத் தெரிந்த வாய். என் பெயர் ஃபக்ருன்னிசா. ஆவடி, அம்பத்தூர், திருவேற்காடு என்று இந்தச் சுற்றுவட்டாரத்துக் கல்யாண ஆல்பங்களில் ஜொலிக்கிற எந்த ஒட்டியாணம் இப்போது என் பீரோவில் தூங்குகிறது என்று எனக்குத் தெரியும். என் வீட்டுக்காரர் ஹாஜா மொய்தீனுக்குப் பாதிதான் தெரியும். முழுசும் தெரிந்தால் டீக்கடை வரைக்கும் தெரிந்த மாதிரி. நல்ல மனிதர், ஆனால் வயிற்றில் ஒன்றும் தங்காது. போனை எடுத்தால் தெருவுக்கே கேட்கிற மாதிரி, “எந்தக் கல்யாணத்துக்கும்மா வாடகை?” என்பார்.

என் வாடிக்கைக்காரிகளுக்கு இது நன்றாகத் தெரியும். அதனால் அவர்கள் கூப்பிடுகிற நேரம் வெள்ளிக்கிழமை மதியம். இவர் ஜும்ஆ தொழுகைக்குப் பள்ளிவாசல் போயிருப்பார், ஷட்டர் பாதி இறங்கியிருக்கும், கல்லாவில் நான் மட்டும். லேண்ட்லைன் அடித்துக்கொண்டே இருக்கும். யாரும் பேர் சொல்ல மாட்டார்கள். “நான்தான் பாயம்மா” என்பார்கள், குரலை வைத்து நான் ஆளைப் பிடித்துக்கொள்ள வேண்டும். என் மொபைல் நம்பரை யாருக்கும் கொடுப்பதில்லை. கொடுத்தால் கல்யாணம் முடிகிற வரைக்கும் எனக்கும் தூக்கம் இருக்காது.

அந்தப் பெண்கள் சொந்தப் போனிலிருந்து பேசுவதும் அபூர்வம். மகள் நோண்டுவாள், மச்சினன் பார்ப்பான். அதனால் பக்கத்து வீட்டுக்காரியிடமோ, கம்பெனி சூப்பர்வைசரிடமோ ஒரு நிமிடம் போனை வாங்கி, பேசி முடித்து, நம்பரை அழித்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பார்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள்கூட அழிக்கிற இடத்தைச் சரியாக அமுக்குவாள். அதில் மட்டும் ஒருத்தியும் சோடை போனதில்லை.

கேடு அந்த லேண்ட்லைனுக்குத்தான் வந்தது. ரோட்டைத் தோண்டினார்கள், மூடினார்கள், ஏதோ ஞாபகம் வந்த மாதிரி மறுபடி தோண்டினார்கள். ஒவ்வொரு தோண்டலுக்கும் எங்கள் லைன் செத்தது. உயிர் வந்தாலும், மாவு மில்லுக்குள் நின்றுகொண்டு பேசுகிற மாதிரி இரைச்சல். ரகசியம் பேச வந்த பெண்ணிடம் “சத்தமாப் பேசும்மா” என்று சொல்ல வேண்டியிருந்தது. இதைவிடக் கேவலம் என்ன இருக்கிறது?

என் மகள் ஜோயா அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். போனில் வாடிக்கையாளர்களைக் கவனிக்கிற பிரிவு. செம்புக் கம்பியை விட்டுவிட்டு இன்டர்நெட் வழியாகப் பேசுகிற லைனுக்கு மாறிவிடலாம் என்று அவள்தான் சொன்னாள். நம்பர் அதேதான் இருக்குமாம், குரல் பக்கத்தில் நின்று பேசுவது போலக் கேட்குமாம். ‘தமிழுக்கு ஒன்றை அழுத்தவும்’ என்று ஒருத்தி பேசுவாளே, அவள் இதில் உண்டா என்று கேட்டேன். உண்டு என்றாள். அப்படியானால் வேண்டவே வேண்டாம் என்றேன். ஒளிந்துகொண்டு போன் செய்கிறவள் ஒன்றையும் அழுத்த மாட்டாள், இரண்டையும் அழுத்த மாட்டாள், பயந்துபோய் வைத்துவிடுவாள். பேசுவதைப் பதிவு செய்வதும் கூடாது என்றேன். சாப்பாட்டு நேரமெல்லாம் இதே சண்டை. கடைசியில் நான்தான் ஜெயித்தேன். மணி அடிக்கும், நான் எடுப்பேன், நடுவில் யாரும் கிடையாது.

ஜெயித்த சந்தோஷத்தில், மாற்றுகிறபோது வேறு என்னென்ன சேர்க்கிறாள் என்று நான் கேட்கவில்லை.

கம்பெனி ஆள் வந்து சுவரில் ஒரு வெள்ளை டப்பாவை மாட்டினான். கல்லாவில் ஒரு கறுப்புப் போனை வைத்தான். கூப்பிடுகிறவர் நம்பர் அதன் சின்னத் திரையில் ஓடும். குரல் அப்படி ஒரு தெளிவு. இவர் தெருவில் போகிறவர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். எனக்கும் உள்ளுக்குள் பெருமைதான், ஆனால் மகளிடம் காட்டிக்கொள்ளவில்லை.

லைன் மாறிய பிறகு வந்த முதல் வெள்ளிக்கிழமை நாகவல்லி கூப்பிட்டாள்.

நாகவல்லி ஆவடிக்குப் பக்கத்தில் கோவில்பதாகையில் இருக்கிறாள். ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை, நாள் முழுக்க நின்றபடி. புருஷன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அவள் கழுத்தில் காதில் இருந்ததெல்லாம் போனது, பிறகு அவரும் போனார். மிச்சம் மீதி மகள் யுவராணியின் படிப்புக்குச் சரியாகிவிட்டது. யுவராணிக்கு இப்போது பட்டாபிராமில் மாப்பிள்ளை அமைந்திருந்தது. விஜய் என்று பெயர், எஸ்டேட்டில் மெஷின் ஆபரேட்டர். மாப்பிள்ளையின் அம்மா எதுவும் கேட்கவில்லை. சபையில் பெண் நிறைவாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் என்று சொன்னாளாம். அந்த ‘அவ்வளவுதான்’ நாகவல்லியைப் படுத்திய பாடு எனக்குத்தான் தெரியும். முன்கூட்டியே வந்து பச்சைக்கல் செட்டைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். யுவராணிக்கு இஷ்டமே இல்லையாம். வாடகை நகை போடுவதற்குப் போடாமலே இருக்கலாம் என்றாளாம். தாய் கேட்கவில்லை.

செட்டைப் பார்க்க வந்த அன்றைக்கே என்னிடம் சொன்னாள்: “வெறுங்கழுத்தோட அனுப்பினா ரெண்டு நாள் பேசுவாங்க பாயம்மா. வாடகைன்னு தெரிஞ்சா ஆயுசுக்கும் பேசுவாங்க. கொழம்புல உப்பு கம்மின்னா கூட, வாடகை நகை போட்டுக்கினு வந்தவதானேன்னு இழுப்பாங்க. எம் பொண்ணு அத்த கேட்டுகினே காலம் தள்ளணும்.”

என்னிடம் வருகிற எல்லாத் தாய்களுக்கும் இதே பயம்தான். ஆனால் நாகவல்லி சொன்னபோது எனக்கு மனசு என்னமோ செய்தது. அழாமல், பஸ் நேரம் சொல்வது போலச் சொன்னாள்.

அன்றைக்குப் போனில் அவள் சொன்னது சின்ன விஷயம். ரிசப்ஷனை முந்தின நாள் சாயங்காலமே வைத்துவிட்டார்களாம், அதனால் செட்டை ஒரு நாள் முன்னாலேயே எடுத்துக்கொண்டு போக வேண்டும். சரி என்றேன். திரையில் ஓடியது அவள் நம்பர் இல்லை. வழக்கம்போல யாரிடமோ வாங்கிப் பேசுகிறாள் என்று விட்டுவிட்டேன்.

திங்கட்கிழமை இவர் சரக்கு எடுக்கப் பாரிமுனைக்குப் போனார். வர நேரமாகும் என்று அங்கிருந்து கடைப் போனுக்குக் கூப்பிட்டுச் சொன்னார். சாயங்காலம் கடைக்குள் காலை வைத்ததும் மொபைலை என் முகத்துக்கு நேரே நீட்டி, “பாரு, நம்ம கடை எனக்கே நன்றி சொல்லுது” என்று சிரித்தார்.

வாட்ஸ்அப்பில் ஒரு மெசேஜ். மேலே எங்கள் பச்சைக்கல் செட்டின் படம், சிவப்பு வெல்வெட்டில் ஜம்மென்று. கீழே எழுத்து: ‘ஜோயா கல்யாண நகை வாடகை நிலையத்தைக் கூப்பிட்டதற்கு நன்றி. மணப்பெண் செட்டுகள் அசல் தங்கம் போலவே வாடகைக்குக் கிடைக்கும்.’ கூடவே இரண்டு பூங்கொத்தும் ஒரு கும்பிடும்.

ஜோயா வேலையிலிருந்து வந்ததும் கேட்டேன். அவள் முகம் மலர்ந்துபோனது. கூப்பிடுகிற ஒவ்வொரு நம்பருக்கும் அது தானாகவே போகுமாம், அவள் கம்பெனியிலும் அப்படித்தானாம், நம் தொழிலுக்கு விளம்பரமே இல்லை என்றுதான் சேர்த்தாளாம். எனக்கு ஆச்சரியமாக இருக்கட்டும் என்று சொல்லவில்லையாம். ஆச்சரியமாகத்தான் இருந்தது. கையில் இருந்த சில்லறையெல்லாம் கீழே சிதறிவிட்டது.

அப்புறம் நான் போட்ட சத்தம் எதிர்க்கடை வரைக்கும் கேட்டது. கூப்பிடுகிறவள் ஒருத்தி, போன் வேறொருத்தருடையது என்று நான் சொல்லி முடிப்பதற்குள் அவள் முகம் வெளுத்துப்போனது. கெட்டிக்காரி, சட்டென்று புரிந்துகொண்டாள். அவளைப் பொறுத்தவரை ஒரு நம்பர் என்றால் ஒரு ஆள். என் வாடிக்கைக்காரிகள் அப்படி இல்லை என்பது அவளுக்கு எப்படித் தெரியும்? அதையெல்லாம் அவளிடம்கூடச் சொல்லாமல் வாயை மூடி வைத்திருந்தவள் நான்தானே. அங்கேயே உட்கார்ந்து அந்த மெசேஜ் இனிமேல் போகாதபடி நிறுத்தினாள். அனுப்பினதைத் திரும்பப் பிடுங்க வழியில்லை என்றாள்.

லைன் மாறியதிலிருந்து கூப்பிட்ட பெண்கள் அதிகம் பேர் இல்லை. ஒருத்தி பேசியது அவள் அக்கா போனில், அந்த அக்காவே எங்களிடம் செட் எடுத்தவள்தான். இன்னொருத்தி சொந்தப் போனிலேயே பேசியிருந்தாள். மிச்சம் நாகவல்லி. அவளைக் கூப்பிட்டு, வெள்ளிக்கிழமை யார் போனில் பேசினாய் என்று கேட்டேன்.

“மாப்ள போன்ல” என்றாள்.

விஜய் அன்றைக்குப் பத்திரிகைக் கட்டைக் கொடுக்க வந்திருக்கிறான். அவள் போனில் ரீசார்ஜ் தீர்ந்துபோயிருந்தது. வெள்ளிக்கிழமை மதியத்தை விட்டால் என் வீட்டுக்காரர் எடுத்துவிடுவார். அதனால் ‘தம்பி, ஒரு நிமிசம்’ என்று அவன் போனை வாங்கிக்கொண்டு, வீட்டுக்குப் பின்னால் துவைக்கிற கல்லருகே நின்று பேசியிருக்கிறாள். பேசினதும் நம்பரை அழித்திருக்கிறாள், கொடுத்துவிட்டாள். எல்லாம் முறைப்படிதான். அவள் கொடுத்த பிறகு எங்கள் கடை போய் அவனுக்கு நன்றி சொல்லியிருக்கிறது.

ஜோயா கம்ப்யூட்டரில் பார்த்தாள். அந்த நம்பருக்குப் போன மெசேஜுக்குப் பக்கத்தில் இரண்டு நீல டிக். படித்துவிட்டான். அதைச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. ஒரு மெசேஜ் போயிருந்தாலும் போயிருக்கும் என்று மட்டும் நாகவல்லியிடம் மெதுவாகச் சொன்னேன்.

மறுநாள் காலையில் கம்பெனியில் பெர்மிஷன் சொல்லிவிட்டு, போட்டிருந்த யூனிஃபார்ம் கோட்டைக்கூடக் கழற்றாமல் பஸ் பிடித்து வந்து நின்றாள். இவரை டீ வாங்கி வரச் சொல்லி அனுப்பினேன். அப்படியே பிஸ்கட்டும், அப்படியே கரண்ட் பில் கட்ட எவ்வளவு கூட்டம் என்று பார்த்துவிட்டும் வரச் சொன்னேன். ஜோயா அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை.

நாகவல்லி நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். தினமும் சாயங்காலம் யுவராணியைக் கூப்பிடுகிற பையன் சனிக்கிழமையிலிருந்து கூப்பிடவில்லையாம். கேட்டதற்கு, வேலை இருக்கு என்று ஒரு வரி எழுதிப் போட்டானாம். யுவராணிக்கு ஒன்றும் தெரியாது, கோபமாகச் சுற்றிக்கொண்டிருக்கிறாளாம். கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருந்தது.

ஜோயா அவள் முன்னால் போய் நின்று, தப்பு என்னுடையது ஆன்ட்டி என்றாள். நாகவல்லி அவள் கையைப் பிடித்து, நல்லது என்றுதானே செய்தாய், நீ என்ன பண்ணுவாய் என்றாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை. ஜோயா உள்ளே போய் அழுதுவிட்டு வந்தாள். எனக்கோ தலை நிமிரவே இல்லை. இத்தனை காலம் பூட்டி வைத்திருந்த என் கடை வாய் திறந்துவிட்டது. அதுவும் என்ன பேசக் கூடாது என்று நான் சண்டை போட்டு ஜெயித்த அதே போனில்.

பச்சைக்கல் செட் வேண்டாம், எதுவுமே வேண்டாம் என்றாள் நாகவல்லி. இங்கிருந்து நேராகப் பட்டாபிராம் போகப் போகிறாளாம். மாப்பிள்ளை தன் அம்மாவிடம் சொல்வதற்கு முன்னால் அவளே போய்ச் சொல்லிவிடப் போகிறாளாம். “எங்கிட்ட இல்ல, அதான் வாடகைக்கு கேட்டேன்னு அவங்க கால்ல உழுந்துடறேன் பாயம்மா. எம் பொண்ணு மேல பேச்சு வர்றதுக்கு முன்னாடி எம் மேல வந்துட்டு போவட்டும்.”

கொஞ்சம் பொறு என்றேன். பொறுத்தால் என்ன ஆகும் என்று எனக்கே தெரியாது. ஆனாலும் பிள்ளை இன்னும் ஒரு வார்த்தை தப்பாகப் பேசவில்லையே, நாமாகப் போய் ஏன் கிளற வேண்டும் என்று ஏதேதோ சொன்னேன். அவள் காதில் ஏறவில்லை. பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

அப்போது கல்லாவில் போன் அடித்தது.

நாகவல்லி அதைப் பாம்பைப் பார்ப்பது போலப் பார்த்து ஒரு அடி தள்ளி நின்றாள். ஜோயா திரையில் ஓடிய நம்பரைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். யார் என்று அந்தப் பார்வையிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. எடுத்தேன்.

“ஜோயா நகக் கடைங்களா? எம் பேரு விஜய், பட்டாபிராம்லேர்ந்து பேசறேன். எங்க அத்த வெள்ளிக்கிழம என் போன்லேர்ந்து உங்ககிட்ட பேசிச்சு. அப்பால ஒரு மெசேஜ் வந்துச்சு.”

“சொல்லுங்க” என்றேன். நாகவல்லி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாலு நாளாக என்ன செய்வதென்று தெரியாமல் இருந்தானாம். யுவராணியிடம் பேசினால் வாய் தவறிக் கேட்டுவிடுவோம் என்று அவளைக் கூப்பிடக்கூட இல்லையாம். அவள் வேறு கோபமாக இருக்கிறாள் என்று சொல்லி லேசாகச் சிரித்தான். எனக்கு மூச்சு வந்தது. நகை இருக்கிறதா இல்லையா என்று தான் கேட்டதே இல்லை என்றான். அத்தை நின்று நின்று கால் வீங்கி வருவதை அவனே பார்த்திருக்கிறானாம்.

“உங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கறேம்மா. எனக்கு தெரியும்னு அத்தைக்கு தெரியவே கூடாது. தெரிஞ்சா அப்பால அது என் மூஞ்ச நிமிந்து பாக்காது. நான் அந்த ஊட்டுக்கு புள்ள மாதிரி போவணும்னு நெனச்சிகினு கீறேன்.”

“சரிங்க” என்றேன்.

வைக்கப் போகிறான் என்று நினைத்தேன், வைக்கவில்லை. அந்தப் படத்தில் இருந்த பச்சைக்கல் செட்டைத்தான் அத்தை கேட்டிருக்கிறாளா என்றான். நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. இந்தத் தொழிலில் வந்த பழக்கம்.

“அது மட்டும் வேணாம்மா. போன வருசம் எங்க பெரியம்மா பொண்ணு கல்யாணத்துல அதே செட்டுதான் போட்டாங்க. தங்கம்னுதான் பெரியம்மா சொல்லிகினு கீது. எங்கம்மா அந்த ஒட்டியாணத்த நெனச்சி ஒரு வருசமா பெருமூச்சு உட்டுகினு கீது. மண்டபத்துல பாத்தா அந்த நிமிசமே கண்டுபிடிச்சிடும்.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரே சொந்தத்துக்குள் ஒரே செட்டை இரண்டாம் தடவை கொடுக்கக் கூடாது என்பதுதான் என் முதல் சட்டம். மாப்பிள்ளை வீடு எந்த ஊர், யார் யார் வருவார்கள் என்று துருவித் துருவிக் கேட்டுத்தான் பீரோவைத் திறப்பேன். நாகவல்லி பட்டாபிராம் என்றாள், நானும் சரி என்றேன். மாப்பிள்ளைக்கு அயனம்பாக்கத்தில் ஒரு பெரியம்மா இருப்பதும், போன வருஷம் பாதி ஷட்டருக்குக் கீழே குனிந்து வந்து பச்சைக்கல்லை வாங்கிப் போனவள் அவள்தான் என்பதும் யாருக்குத் தெரியும்? என் மகள் அனுப்பின அந்த மெசேஜ் மட்டும் போகாமல் இருந்திருந்தால், அத்தனை பேருக்கும் நடுவில், மணவறையிலேயே யுவராணியின் இடுப்பைப் பார்த்து அவள் மாமியார் வாயைத் திறந்திருப்பாள்.

அந்தப் பிள்ளையை வாழ்த்த வேண்டும் போல இருந்தது. வாயில் வந்ததையெல்லாம் விழுங்கிக்கொண்டு, “சரிங்க சார், நீங்க சொன்ன மாதிரியே மாத்திடறோம். கூப்பிட்டதுக்கு ரொம்ப நன்றி” என்றேன்.

நான் திடீரென்று ‘சார்’ போட்டது அவனுக்கு உறைத்திருக்க வேண்டும். குரலைத் தாழ்த்தி, “அத்த அங்கதான் கீதா?” என்றான். ஆமாம் என்றேன். மெதுவாக வைத்துவிட்டான்.

யார் என்று நாகவல்லி கேட்டாள்.

“போன் கம்பெனி ஆளு” என்றேன். “இவ நேத்தே கம்ப்ளெயின்ட் குடுத்து வச்சிருந்தா. வெள்ளிக்கிழமை அவங்களுக்கு நெட்டே இல்லையாம். அன்னைக்கு ஒரு மெசேஜும் வெளிய போகலையாம்.”

ஜோயா என்னைப் பார்த்தாள். பொய்யே சொல்லத் தெரியாமல் வளர்ந்த பெண், காலேஜில் எல்லாம் படித்த பெண். “ஆமா ஆன்ட்டி, சர்வர் டவுன்” என்றாள், தரையைப் பார்த்தபடி. தொழில் பழகிவிட்டாள்.

நாகவல்லி கொஞ்சம்கூடச் சந்தேகப்படவில்லை. நெட் ஒழுங்காக வேலை செய்தது என்று சொல்லியிருந்தால்தான் யோசித்திருப்பாள். அவள் கம்பெனியிலும் விரல் வைக்கிற மெஷின் பாதி நாள் இப்படித்தான் படுத்துக்கொள்கிறதாம், அன்றைக்கெல்லாம் சம்பளம் பிடித்துவிடுவார்களோ என்று பயந்து சாவார்களாம். சொல்லிக்கொண்டே வந்தவள் நடுவில் நிறுத்திவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அதுவரைக்கும் அழாதவள் அப்போது அழுதாள். நான் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உன் மாப்பிள்ளை என்ன சொன்னான் தெரியுமா என்று சொல்லத் துடித்தது எனக்கு. சொல்லியிருந்தால் அவளுக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும். ஆனால் அதற்கப்புறம் ஆயுசுக்கும் அவன் முன்னால் குனிந்தே நடப்பாள். அதைத்தான் அவன் வேண்டாம் என்றான்.

இவர் டீயும் பிஸ்கட்டும் கரண்ட் பில் கூட்டத்தின் செய்தியுமாக வந்து சேர்ந்தார். அழுத முகத்தைப் பார்த்துவிட்டு என்ன ஆச்சு என்றார். கல்யாணப் பெண்ணின் அம்மா அழாமல் வேறு யார் அழுவார்கள் என்று சொல்லி அவரை வளையல் பக்கம் தள்ளினேன்.

டீயைக் குடித்து முடிப்பதற்குள் நாகவல்லியின் போன் அடித்தது. யுவராணிதான். விஜய் இப்போதுதான் கூப்பிட்டுப் பேசினானாம், அவள் ஒரு பாட்டம் சண்டை போட்டாளாம், அவன் எல்லாவற்றுக்கும் சரி சரி என்றானாம். பையனுக்கு நிஜமாகவே வேலைதான் போலிருக்கிறது பாயம்மா, நான்தான் என்னென்னமோ நினைத்துவிட்டேன் என்று நாகவல்லி என்னிடம் சொன்னாள். நானும் அப்படித்தான் என்றேன்.

பச்சைக்கல் ஆரத்தில் இரண்டு கல் ஆடுகிறது, பாலிஷுக்கு அனுப்ப வேண்டும் என்று அடுத்த பொய்யையும் சொன்னேன். சிவப்புக்கல் செட்டை எடுத்து வெளியே வைத்தேன். இந்தச் செட் புதிது, இந்தப் பக்கத்து மண்டபம் ஒன்றும் இன்னும் அதைப் பார்க்கவில்லை. யுவராணி மாநிறம், சிவப்பு எடுப்பாக இருக்கும் என்றாள் ஜோயா. நாகவல்லியை வலுக்கட்டாயமாகக் கண்ணாடி முன்னால் நிறுத்தி, கம்பெனிக் கோட்டின் மேலேயே ஆரத்தைப் போட்டுவிட்டாள். நாகவல்லி வெட்கப்பட்டுக்கொண்டே பார்த்தாள். ஆரத்தைத் தொடவில்லை, அதைச் சுற்றிக் கோட்டைத்தான் இழுத்து நேர்ப்படுத்திக்கொண்டாள். அப்புறம் கழற்றிக் கொடுத்துவிட்டு, மத்தியான ஷிஃப்டுக்காவது போய்ச் சேர வேண்டும் என்று கிளம்பினாள்.

கடை வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டவள் திரும்பி நின்றாள்.

“பாயம்மா, இப்ப போன் பண்ணி சொன்னான் பாரு, அந்தக் கம்பெனி புள்ள. அவன் மட்டும் சொல்லலன்னா நான் நேரா போயி எம் பொண்ணு வாழ்க்கைய நானே கெடுத்துட்டு வந்திருப்பேன். யாரு பெத்த புள்ளையோ, மவராசனா இருக்கணும். அவனுக்கு வர்ற மாமியா அவன தலைல வச்சி தாங்கணும்.”

“ஆமீன்” என்றேன், வாய் நிறைய.